'எப்பங்க?' என்று கேட்டவர்

யாரைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எங்கள் கவுன்சிலிங் மேடம் உடனே "எப்பங்க?" என்பார்.

அவர் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம், லைன் சூப்பர்வைசர் ஒருவர் அவருடைய அறைக்குப் போய், மூன்றாவது லைனில் பனியனுக்குக் கை மடித்துத் தைக்கிற பெண் திமிர் பிடித்தவள், கூப்பிட்டுப் புத்தி சொல்லுங்கள் என்று முறையிட்டிருக்கிறார். எப்பங்க என்று கேட்டிருக்கிறார் மேடம். எப்பவுமே அப்படித்தான் என்றிருக்கிறார் இவர். எப்பவுமேன்னா தூங்கறப்பவுமுங்களா என்று அடுத்த கேள்வி. அது கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று எங்களுக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்து யோசித்து, செவ்வாய்க்கிழமை டீ நேரம் முடிந்து பத்து நிமிடம் கழித்து அவள் வந்தாள், ஏன் என்று கேட்டதற்குப் பதில் பேசவில்லை என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தார். விசாரித்தால், கம்பெனி ஹாஸ்டல் வாசலில் இருந்த ஒற்றை ஒரு ரூபாய் காசு போனுக்கு அன்றைக்கு அவள் வரிசையில் நின்றிருக்கிறாள். ஊரில் தம்பிக்குக் காய்ச்சல். அவளுடைய திமிர் அந்தப் பத்து நிமிடத்தோடு சரி. அந்தம்மாவிடம் ஒருத்தரைக் குறை சொல்லவே முடிவதில்லை, சொல்லப் போனவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார் என்று சூப்பர்வைசர் என்னிடம் வந்து புலம்பினார்.

திட்டுக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் நான் வாய் சும்மா இராமல், நீங்க ரொம்ப நல்லவங்க மேடம் என்று சொல்லிவைத்தேன். எப்பங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெல்ப்பர் பெண்ணைக்கூட வாங்க போங்க என்று பேசுகிறீர்களே என்றேன். எங்க ஊட்ல எல்லாத்துக்கிட்டயும் அப்படித்தான் பேசுவாங்க, அது பழக்கமுங்க, அதுக்கு மார்க் போடாதீங்க என்று முடித்துவிட்டார். புருஷனைப் பிரிந்து வந்தவர் என்று கேன்டீனில் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். அதைப் பற்றி அவரிடம் கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு தேதி சொல்லியிருப்பாரோ என்னவோ.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் குண்டடத்துக்காரன். கிணறு வற்றிக் காடு சும்மா கிடந்ததால், பி.காம். முடித்த கையோடு அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த பனியன் கம்பெனியில் சேர்ந்தவன். என் வேலைக்குக் கம்ப்ளையன்ஸ் என்று பேர். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களை பையர் என்போம். வேலைக்காரர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க அவர்கள் ஆள் அனுப்பி ஆடிட் செய்வார்கள். அதற்கு முந்தின நாள் ஒவ்வொரு லைனாகப் போய், என்ன கேட்டால் என்ன சொல்வது என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் பாதி. ஓவர்டைம் உண்டா, இல்லை. ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, நன்றாக இருக்கிறது. குறை ஏதாவது, ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் இருந்த நூற்றி நாற்பது பெண்களும் ஒரே குரலில் அதைச் சொல்லிக் கேட்கும்போது எனக்கே பெருமையாக இருக்கும். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மேடம் வந்ததும் ஒரு ஆடிட்டால்தான். ஹாஸ்டல் வைத்திருக்கிற கம்பெனியில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்று பையரின் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது. கோயமுத்தூரில் ஏதோ ஒரு பெண்கள் கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவரைப் பிடித்து வந்தார்கள். பட்டன், லேபிள் போட்டு வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுத்தோம். அவர் முதல் வேலையாக மேசையைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடம். பெண்கள் முதலில் தூங்குவதற்காகத்தான் அங்கே போனார்கள். பத்து நிமிடம் கண்ணை மூடிவிட்டு எழுந்து போவார்கள், அவரும் ஒன்றும் கேட்க மாட்டார். கொஞ்ச நாளில் தூங்குவது குறைந்து பேச்சு கூடியது. அழுகிற சத்தமும் கேட்கும், அதைவிட அதிகமாகச் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்னதான் மந்திரம் போடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவங்க பேசறப்ப நான் மனசுக்குள்ள மார்க் போடறதில்லீங்க, அவ்வளவுதான் என்றார். அது ஒரு வேலையா, இதற்கு ஒரு சம்பளமா என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் அவருடைய படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. கட்டிங் மாஸ்டரும் உடன் இருந்தார். மேடம் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அவர்கள் படிப்பில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்காரர்கள், மனுஷனுடைய குணத்தை அளந்துவிடலாம் என்கிறார்கள். பொறுப்பு இவ்வளவு, பயமும் கவலையும் இவ்வளவு, நாலு பேரோடு ஒட்டுவது இவ்வளவு, விட்டுக்கொடுப்பது இவ்வளவு, புதுசை ஏற்பது இவ்வளவு என்று ஐந்து கணக்கு. வளர்ந்த ஆளுக்கு அந்த அளவு லேசில் மாறாதாம். இன்னொரு கட்சி, மனுஷன் இன்னும் ஆகிக்கொண்டே இருக்கிறவன், எதிரில் இருக்கிறவர் தீர்ப்பு எழுதாமல் காது கொடுத்தால் தானாக நிமிர்வான் என்கிறது. கட்டிங் மாஸ்டர் சோற்றைப் பிசைந்தபடி, நம்ம துணியும் அப்படித்தானுங்களே என்றார். ரோலில் இருந்து பிரித்த நிட்டிங் துணியை ஒருநாள் விரித்துப் போட்டு விட்டுவிட வேண்டும், இழுத்த இழுப்பில் அளந்து வெட்டினால் பீஸ் எல்லாம் சுருங்கிப்போகும். மேடத்துக்கு அதைக் கேட்டதும் அப்படி ஒரு சந்தோஷம். நீங்கள் எந்தக் கட்சி என்று நான் கேட்டேன். ரெண்டாவதுங்க, ஆனா மொதக் கட்சிக்காரங்க கையில நம்பர் இருக்குது, எங்க கையில ஒண்ணுமில்லீங்க என்றார்.

அந்த நம்பர்தான் எங்களை நாசமாக்கியது.

ஸ்டெல்லா என்று ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கம் ஒரு செம்மண் காட்டு ஊர். பத்தொன்பது வயது, ஓவர்லாக் தையல் மெஷினில் நல்ல கை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக எல்லா வேதக்காரப் பெண்களும் லீவு ஃபாரம் கொடுத்தபோது அவள் மட்டும் கொடுக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவளுடைய அக்கா பிரசவத்தில் செத்துப்போனாள். அக்கா புருஷனுக்கே இவளைக் கட்டிவைப்பது என்று வீட்டில் முடிவு. அவன் குடித்துவிட்டு அக்காளை அடித்ததை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் இவள். மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறாள். "ஊருக்குப் போனா திரும்பி வர விடமாட்டாவ சார்" என்றாள். அந்தக் கம்பெனியும் அந்த ஹாஸ்டல் கட்டிலும் போனால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. இது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். சனிக்கிழமை தவறாமல் அவள் மேடத்தின் அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களோடு சேர்ந்து கேன்டீனில் சிரிக்கவும் ஆரம்பித்திருந்தாள்.

மேடம் அப்போது சின்ன முதலாளியிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண்களை வெளியே விட வேண்டும், ஹாஸ்டலுக்கு இன்னும் நாலு போன் வேண்டும். அடைத்துவைத்த பெண்கள் உள்ளுக்குள் நொந்துபோயிருக்கிறார்கள் என்றார். சின்ன முதலாளி வெளியூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவர். வாயில் சொன்னால் ஆகாது, நம்பரில் காட்டுங்கள் என்றார். அறுபது கேள்வி கொண்ட ஒரு குணப் பரிசோதனைத் தாளையும் அவரே கொடுத்தார். அடிக்கடி அழுகை வருகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, கொடுத்த வேலையை முடிப்பீர்களா என்கிற மாதிரிக் கேள்விகள். எப்போதும் என்பதிலிருந்து ஒருபோதும் இல்லை என்பது வரை ஐந்து கட்டம். மேடத்துக்கு அந்தத் தாளைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் போன் வந்துவிடுமே, ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிடுமே என்று ஒத்துக்கொண்டார். தாளில் பேரும் டோக்கன் நம்பரும் கூடாது என்று மட்டும் பிடிவாதமாக நின்றார்.

திங்கட்கிழமை தாள் கொடுப்பதாக ஏற்பாடு. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் வினை. கேள்வி அச்சடித்த காகிதம் லைனுக்குப் போகிறது என்றால் எனக்கு அது ஆடிட். பழக்கதோஷத்தில் பத்து மணி டீ நேரத்திலேயே லைன் லைனாகப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அழுகை, கோபம், பயம் என்று வந்தால் ஒருபோதும் இல்லை. பொறுப்பு, ஒற்றுமை என்று வந்தால் எப்போதும். பெண்களும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள். அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அன்று காலையில் ஸ்டெல்லா விரலில் ஊசி ஏறிக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மத்தியானம் வந்தவள் மேடத்தின் அறையில் உட்கார்ந்து தனியாக எழுதினாள். உள்ளதை எழுதினா ஒண்ணும் ஆவாதுல்லா மேடம் என்று கேட்டாளாம். ஒன்றும் ஆகாது, உள்ளதையே எழுதுங்க கண்ணு என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நான் அந்தப் பக்கம் போனபோது மேடம் தாள்களைத் தரையில் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தார். அத்தனையும் ஒரே அச்சு. நீங்க சொல்லிக் குடுத்தீங்களா என்று கேட்டார். ஆமாங்க, ஒருத்திகூடத் தப்பாக எழுதியிருக்க மாட்டாள் பாருங்கள் என்றேன் நான், மடையன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, ஒருத்தி எழுதியிருக்குதுங்க என்றார்.

அந்த ஒரு தாளை எடுத்துவைப்பதற்குள் சின்ன முதலாளி ஆளை அனுப்பித் தாள்கட்டு முழுவதையும் வாங்கிவிட்டார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, ஒரு தாள் மட்டும் மாறியிருக்கிறது, திங்கட்கிழமை எல்லோரும் எழுதும்போது லைனில் இல்லாதது யார் என்று கேட்டார். கேட்ட அடுத்த நிமிடம் அட்டென்டன்ஸைப் பிரித்துப் பேரைச் சொன்னேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கக்கூட இல்லை. நான்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே.

அவர் கணக்கு இதுதான். அதே ஹாஸ்டல், அதே சாப்பாடு, நூற்றி முப்பத்தொன்பது பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆகவே ஹாஸ்டலில் குறையில்லை, போனும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். குறை அந்த ஒரு பெண்ணின் குணத்தில் இருக்கிறது. நாளைக்கு அவள் ஹாஸ்டலில் எதையாவது செய்துகொண்டால் ஆர்டர் போய்விடும். வியாழக்கிழமை அப்பனை வரச்சொல்லி அனுப்பிவிடுங்கள். மேடம் வாதாடிப் பார்த்தார். அவ எப்ப அழுகிறா, எதுக்கு அழுகிறான்னு ஒரு வார்த்தை கேளுங்க என்று கெஞ்சினார். அதுதான் பேப்பரிலேயே இருக்கிறதே என்றார் சின்ன முதலாளி. அனுப்புவதற்குக் கடிதம் வேண்டுமே, மனநிலை சரியில்லாததால் என்று அதை டைப் அடித்தவனும் நான்தான்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு மேடம் என் சீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டு புதுத் தாள். அவர் ஓடி வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன், மூச்சு வாங்கியது.

"சாப்பாட்டு நேரத்துல மறுபடியும் எழுதச் சொல்லப் போறேனுங்க. எல்லாரும் உள்ளதை எழுதிட்டா அவ ஒருத்தி தனியாத் தெரிய மாட்டா. அவரு கணக்கு நிக்காதுங்க."

சரி என்றேன்.

"நான் சொன்னா இதுவும் ஆடிட்டுன்னு நெனைச்சுக்குவாங்க. நீங்க வந்து சொல்லோணும். நீங்க சொன்னா எழுதுவாங்க. மூணு மணிக்கு அவங்கப்பா வந்துருவாருங்க."

ஷிப்மென்ட் பேப்பர் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம், வேலை போனால் என்ன செய்வது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவர் போனதும் எழுந்து பின்பக்கம் போய், பேக்கிங் பகுதியில் இருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து பிளாஸ்டரை எண்ண ஆரம்பித்தேன். ஆடிட்டுக்காக எண்ணுகிற மாதிரி. பஞ்சை எண்ண முடியாது, அதையும் எடுத்து எடுத்து வைத்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து ஒரு மணி சைரன் அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

அவர் தனியாகத்தான் கேன்டீனுக்குப் போனார். ஒவ்வொரு பெஞ்சாகப் போய் உள்ளதை எழுதுங்க, தயவுசெஞ்சு எழுதுங்க என்று சொன்னாராம். பெண்கள் கேன்டீன் வாசலைப் பார்த்தார்களாம். நான் வருகிறேனா என்றுதான் பார்த்திருப்பார்கள். பிறகு சோறு தின்ற கையைக் கழுவிவிட்டு வந்து எழுதிக் கொடுத்தார்கள். அழுகை ஒருபோதும் இல்லை. பயம் ஒருபோதும் இல்லை. திங்கட்கிழமையைவிட அழகாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதியிருந்தார்கள்.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். நல்ல வெயிலில் நடந்து வந்த மனுஷர், கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கம்பெனியிலேயே பிள்ளைக்கு மனசு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாவ, இனிமே சீக்கிரம் கட்டிக்குடுக்கிறதுதான் மருந்து என்றார். மேடம் அவர் முன்னால் கைகூப்பினார். இந்தக் காகிதம் பொய்யிங்க, உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். படித்தவர்கள் எழுதியதைப் படித்தவரே பொய் என்றால் அவர் எதை நம்புவார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா ஒரு பையோடு வந்தாள். அழவில்லை. கேட்டைத் தாண்டும்போது நின்று திரும்பினாள்.

"உள்ளத எழுதச் சொன்னியளே மேடம்."

  மேடம் பஸ் ஏறும் இடம் வரை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

பங்குனியில் அந்தக் கல்யாணம் நடந்ததாக அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள். அதற்கு முன்னால் மேடம் அந்த ஊருக்கே போயிருக்கிறார். வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிட்டார்களாம். ஸ்டெல்லா இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை, அவ குணமே அப்படி ஆகிப்போச்சு என்றாள் அந்தப் பெண். எப்பங்க என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மேடம் அந்த வியாழக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

கடைசியாக அவரைப் பார்த்தது அந்த வியாழக்கிழமை சாயங்காலம், அவிநாசிபாளையம் பஸ் நிறுத்தத்தில். நான் குண்டடம் போக இந்தப் பக்கம், அவர் திருப்பூர் போக அந்தப் பக்கம். ரோட்டைத் தாண்டி அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"நான் கோழைங்க மேடம். பொறப்புலயே அப்படித்தான். எங்க அப்பனும் அப்படித்தான். நீங்க என்ன நம்பியிருக்கக் கூடாதுங்க."

திட்டுவார், அல்லது போச்சாது போங்க, பரவாயில்லை என்று விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். அவர் முகம் வீங்கியிருந்தது. எத்தனையோ பேரிடம் கேட்ட அதே குரலில், அதே மரியாதையோடு கேட்டார்.

"எப்பங்க?"

எங்கள் ஊர் வழியாகப் போகிற தாராபுரம் பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

பதில் அன்றைக்கே எனக்குத் தெரியும். வியாழக்கிழமைங்க, மேடம். பதினொன்றரை மணியிலிருந்து ஒரு மணி வரைக்குமுங்க, முதலுதவிப் பெட்டிக்கு முன்னால. அதுக்கு முந்தின நிமிசம் வரைக்கும் நான் கோழை இல்லீங்க.